மலாக்கா மாநகரில் இரண்டு நாள்

(ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்க்கான வரலாற்றுப் பாடம்)



பள்ளி விடுமுறை தொடங்கியதும் கல்விச் சுற்றுலாவுக்குப் புறப்படுவது நம் பள்ளிகளில் நெடுங்கால வழக்கம். அவ்வாறு செல்லும் இடங்களுள் மலாக்கா முதன்மையானது. பேருந்தில் பாட்டுப் பாடிச் செல்வதும், மலாக்கா ஆற்றில் படகேறுவதும், பூ அலங்காரம் செய்த முச்சக்கர வண்டியில் வலம் வருவதும் மகிழ்ச்சி தருவனவே. ஆனால் திரும்பி வந்த பின்னர், "மலாக்காவில் என்ன கண்டீர்கள்?" என்று வீட்டார் வினவினால், "சிவப்புக் கட்டடம் கண்டோம், பழைய வாயில் ஒன்று கண்டோம்" என்று கூறி நிறுத்திக்கொள்ளும் மாணவர் பலர். கண்ணால் கண்டும் கருத்தால் காணாமல் திரும்புவது பெரும் இழப்பாகும். ஒரு பழந்தலைநகரை எவ்வாறு காண்பது, வழிகாட்டி கூறுவனவற்றை எவ்வாறு கேட்பது என்பவற்றை இப்பாடத்தில் கற்போம்.

புறப்படுமுன் அறிய வேண்டியவை

ஏறத்தாழ 1400-ஆம் ஆண்டில் பரமேசுவரா என்னும் இளவரசர் மலாக்காவை நிறுவினார். சுமத்திராத் தீவின் பலெம்பாங்கில் பிறந்த அவர், சிங்கப்பூரின் பழம்பெயரான துமாசிக்கில் சில காலம் ஆண்டு, அங்கிருந்து நீங்கி, வடக்கே வந்து, ஒரு சிற்றாற்றின் முகத்துவாரத்தில் குடியேறினார். அச்சிற்றூரே சில பத்தாண்டுகளுக்குள் கடல் வணிகத்தின் தலைநகராக உயர்ந்தது.

இவ்வளவு விரைவாக அது உயரக் காரணம் என்ன? முதற்காரணம் காற்று. அக்காலக் கப்பல்கள் பாயின் துணையால் ஓடியவை. தென்மேற்குப் பருவக்காற்று இந்தியாவிலிருந்து வரும் கப்பல்களைக் கிழக்கு நோக்கிச் செலுத்தும். வடகிழக்குப் பருவக்காற்று சீனத்துக் கப்பல்களைத் தெற்கு நோக்கிச் செலுத்தும். இரு காற்றுகளும் வந்து முடியும் இடத்தில், குறுகிய நீரிணையின் கரையில் மலாக்கா அமைந்திருந்தது. காற்றுத் திசை மாறும்வரை வணிகர்கள் மாதக்கணக்கில் அங்கே தங்கினர், பண்டங்களை மாற்றிக்கொண்டனர், பலர் அங்கேயே குடும்பமும் அமைத்துக்கொண்டனர்.

இரண்டாவது காரணம் ஒழுங்கு. துறைமுகத்தைக் கண்காணிக்க ஷாபந்தர் எனப்பட்ட துறைமுகத் தலைவர்கள் நால்வர் இருந்தனர். குஜராத்தியருக்கு ஒருவர், தென்னிந்தியர், வங்காளத்தார், பர்மாவின் பெகு நாட்டார் முதலியோருக்கு ஒருவர், சாவகம், மலுக்குத் தீவுகள் முதலியவற்றிலிருந்து வந்தோருக்கு ஒருவர், சீனர் முதலியோருக்கு ஒருவர். அயல்நாட்டு வணிகர் தம் குறைகளைத் தம்மை அறிந்த ஒரு தலைவரிடம் கூறலாம் என்பது அந்த ஏற்பாட்டின் சிறப்பு. அத்துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டன என்று 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு வாழ்ந்த தோமே பிரேஸ் என்னும் போர்த்துகீசியர் எழுதி வைத்துள்ளார்.

செல்வம் இருக்கும் இடத்தைப் பிறர் நாடுவர். 1511-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அல்புகர்க்கு தலைமையில் வந்த போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றினர். சுல்தான் மகமூது ஷா நகரை விட்டு வெளியேறினார். அவருடைய மைந்தர் ஒருவர் வழியில் ஜொகூர் அரசும், மற்றொருவர் வழியில் பேராக் அரசும் தோன்றின. 1641-இல் டச்சுக்காரர் மலாக்காவைப் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றினர். 1795-இல் ஆங்கிலேயர் அதனைத் தற்காலிகமாகப் பெற்று, 1818-இல் திருப்பிக் கொடுத்தனர். 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி அது மீண்டும் ஆங்கிலேயரிடம் வந்தது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி நடந்தது. 1957 ஆகஸ்டு 31-இல் நாடு விடுதலை பெற்றது. இத்தனை ஆட்சிகளின் அடிச்சுவடுகளும் நடந்தே சுற்றிவிடக்கூடிய ஒரு சிறு வட்டத்துக்குள் அடங்கியிருப்பதே மலாக்காவின் தனிச்சிறப்பு.

குறிப்பேட்டில் மூன்று பகுதிகள்

ஒவ்வொரு மாணவரும் தம் குறிப்பேட்டின் பக்கத்தில் கோடிட்டு மூன்று பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதற்பகுதிக்கு "மூலம்" என்றும், இரண்டாம் பகுதிக்கு "மறுவாக்கம்" என்றும், மூன்றாம் பகுதிக்குச் "செவிவழி" என்றும் தலைப்பிடுங்கள்.

அக்காலத்தில் செய்யப்பட்டு இன்றும் எஞ்சியிருப்பது மூலம். அழிந்துபோன ஒன்றைப் பிற்காலத்தவர் மீண்டும் செய்து வைத்தது மறுவாக்கம். தலைமுறை தலைமுறையாக வாய்மொழியாக வழங்கிவரும் செய்தி செவிவழி.

எடுத்துக்காட்டாக, மலாக்கா என்னும் பெயர் பிறந்த கதையை நீங்கள் அறிவீர்கள். பரமேசுவரா ஒரு மரத்தடியில் இளைப்பாறியபோது, அவருடைய வேட்டை நாயை ஒரு சருகுமான் எதிர்த்து ஆற்றில் தள்ளியதாம். அச்சிறு விலங்கின் துணிவை வியந்த அவர் அவ்விடத்திலேயே நகரமைக்க முடிவு செய்து, தாம் சாய்ந்திருந்த மரத்தின் பெயரையே நகருக்குச் சூட்டினாராம். இது செவிவழிப் பகுதியில் சேரும். ஆனால் மலாக்கா மரம் என்று ஒரு மரம் உண்டு என்பது உண்மை. அது வேறொன்றும் அன்று. நாம் உண்ணும் பெருநெல்லியே அது. வடமொழியில் நெல்லிக்கு ஆமலகம் என்று பெயர். கதைக்குள்ளும் ஆராய்ந்தால் இத்தகைய உண்மை கிடைப்பதுண்டு. ஆதலின் செவிவழிச் செய்தியை இகழவும் வேண்டா. அப்படியே நம்பவும் வேண்டா. அதற்குரிய பகுதியில் எழுதி வைத்தால் போதும்.

வழிகாட்டி பேசும்போது குறுக்கிடாமல் செவிமடுங்கள். அவர் பேசி முடித்ததும், "ஐயா, இது எக்காலத்தில் கட்டப்பட்டது? இதில் பிற்காலத்தில் சேர்த்தது எது? இச்செய்தி நூலில் உள்ளதா, வாய்மொழியாக வருவதா?" என்று பணிவுடன் கேளுங்கள். நல்ல வழிகாட்டிகள் இத்தகைய வினாக்களை விரும்புவர்.

முதல் நாள்: செந்நிறச் சதுக்கம்

முதல் நாட்காலையில் டச்சுச் சதுக்கத்தில் நம் சுற்றுலா தொடங்கும். இங்குள்ள ஸ்டாட்ஹைஸ் என்னும் பெரிய கட்டடம் 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்தது. டச்சு ஆளுநர் தங்கிய மாளிகையாகவும் ஆட்சி அலுவலகமாகவும் விளங்கிய அது, இன்று வரலாற்று அருங்காட்சியகமாக உள்ளது. தடித்த சுவர்களையும் கனத்த மரக்கதவுகளையும் கூர்ந்து நோக்குங்கள்.

அதன் அருகே நிற்பது கிறித்து தேவாலயம். டச்சுக்காரர் மலாக்காவைக் கைப்பற்றி நூறாண்டு நிறைவுற்றதன் நினைவாக 1741-இல் தொடங்கப்பட்ட இதன் கட்டுமானம் 1753-இல் முடிந்தது. உள்ளே சென்று மேலே பாருங்கள். கூரையைத் தாங்கும் நீண்ட உத்தரங்கள் ஒவ்வொன்றும் ஒட்டுப்போடாமல் ஒரே மரத்திலிருந்து அறுக்கப்பட்டது. அத்துணை உயர்ந்த மரங்கள் அக்காலக் காடுகளில் இருந்தன என்பதையும் இவ்வுத்தரங்கள் நமக்குக் கூறுகின்றன.

இக்கட்டடங்களின் செந்நிறத்தைக் கண்டு, "டச்சுக்காரர் சிவப்பு வண்ணத்தை விரும்பினர்" என்று எழுதிவிடாதீர்கள். தேவாலயம் கட்டப்பட்ட காலத்தில் வெண்ணிறமாகவே இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில், 1911-இல்தான் அதற்குச் செவ்வண்ணம் பூசினர். ஆகவே சுவர் "மூலம்", வண்ணம் பிற்காலத்தது. ஒரே பொருளில் இரு காலங்கள் கலந்திருக்கலாம் என்னும் அரிய பாடத்தை முதல் இடத்திலேயே கற்றுக்கொள்கிறோம்.

குன்றின்மேல் ஒரு கூரையில்லாத் தேவாலயம்

சதுக்கத்தின் பின்புறத்தில் உள்ள படிகளில் ஏறினால் செயிண்ட் பால் குன்றின் உச்சியை அடையலாம். 1521-இல் போர்த்துகீசியர் இங்கு ஒரு சிற்றாலயம் எழுப்பினர். பின்னர் அது விரிவாக்கப்பட்டது. டச்சுக்காரர் ஆட்சியில், கீழே புதிய தேவாலயம் கட்டி முடிக்கும்வரை அவர்களும் இதிலேயே வழிபட்டனர். அதன்பின் இதனை இடுகாடாக்கினர். ஆங்கிலேயர் காலத்தில் இது வெடிமருந்துக் கிடங்காயிற்று. இன்று கூரை இல்லை. சுவர்கள் மட்டுமே நிற்கின்றன. அச்சுவர்களில் டச்சு எழுத்துகள் பொறித்த பெரிய கல்லறைக் கற்களைச் சாய்த்து நிறுத்தியுள்ளனர்.

இவ்விடத்தோடு தொடர்புடையவர் பிரான்சிஸ் சவேரியார். தமிழகத்தின் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பரதவரிடையே பணியாற்றிய அவர், 1545-இல் மலாக்காவுக்கு வந்தார். 1552-இல் சீனக் கடற்கரைத் தீவொன்றில் உயிர் நீத்தார். மறு ஆண்டு அவருடைய உடல் இங்குக் கொண்டுவரப்பட்டுச் சில மாதங்கள் அடக்கம் செய்யப்பட்டிருந்தது. பின்னர் கோவா நகருக்கு எடுத்துச் செல்லப்பட்டது. அந்த வெற்றுக் கல்லறைக் குழியைக் கம்பிவலையிட்டு மூடியுள்ளனர். வெளியே நிற்கும் வெண்ணிறச் சிலை 1952-இல் நிறுவப்பட்டதாகும். குழி மூலம், சிலை பிற்கால நினைவுச் சின்னம்.

குன்றின் உச்சியிலிருந்து கடலை நோக்குங்கள். இன்று கடலுக்கும் குன்றுக்கும் இடையே கடைத்தொகுதிகளும் சாலைகளும் உள்ளன. அக்காலத்தில் கடல் குன்றின் அடிவாரத்துக்கு அருகிலேயே இருந்தது. கடலைத் தூர்த்து நிலமாக்கியதால் கரை தொலைவுக்குச் சென்றுவிட்டது. இதனை அறியாவிடில், துறைமுகத்தைக் காக்கக் கடலிலிருந்து இத்தனை தொலைவில் ஏன் கோட்டை கட்டினர் என்று வியந்து நிற்போம்.

எஞ்சி நின்ற வாயில்

குன்றின் மறுபக்கம் இறங்கினால் எ ஃபமோசா கோட்டையின் எஞ்சிய பகுதியாகிய சந்தியாகு வாயிலைக் காணலாம். 1511-இல் நகரைப் பிடித்தவுடன் போர்த்துகீசியர் இக்கோட்டையைக் கட்டத் தொடங்கினர். அதற்காகப் பள்ளிவாசல்களிலிருந்தும் அரச கல்லறைகளிலிருந்தும் கற்களைப் பெயர்த்தெடுத்தனர். ஒரு காலத்தின் சின்னத்தை உடைத்தே மற்றொரு காலத்தின் சின்னம் எழுந்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

வாயிலின் மேற்புறத்தில் 1670 என்னும் ஆண்டும் டச்சு வணிகக் குழுமத்தின் சின்னமும் பொறிக்கப்பட்டுள்ளன. போர்த்துகீசியர் கட்டிய வாயிலில் டச்சு ஆண்டு எவ்வாறு வந்தது? கோட்டையைக் கைப்பற்றிய டச்சுக்காரர் அதனைச் செப்பனிட்டுத் தம் முத்திரையைப் பதித்தனர். அந்த ஆண்டை மட்டும் கண்டு, 1670-இல் கட்டப்பட்ட வாயில் என்று முடிவு செய்தால் பிழையாகும்.

இப்பெருங்கோட்டை எங்கே போயிற்று? எந்தப் போரிலும் அது அழியவில்லை. தற்காலிகமாக மலாக்காவை ஆண்ட ஆங்கிலேயர், நகரை டச்சுக்காரரிடம் திருப்பித் தருமுன் அதன் வலிமையைக் குறைக்க எண்ணி, 1807-இல் கோட்டையை இடிக்கத் தொடங்கினர். கடப்பாரைக்கு அசையாத சுவர்களை வெடிமருந்து வைத்துத் தகர்த்தனர். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் நின்ற கோட்டை, சில அதிகாரிகளின் முடிவால் சிறிது காலத்திலேயே மண்மேடாயிற்று.

1808-இல் இராபிள்ஸ் மலாக்காவுக்கு வந்தார் என்பதும், மலாக்காவைக் கைவிடலாகாது என்று மேலிடத்துக்கு அறிக்கை எழுதினார் என்பதும் உறுதியான செய்திகள். அவரே நேரில் நின்று இவ்வாயிலைக் காத்தார் என்று வழிகாட்டிகள் விரித்துக் கூறும் காட்சியைச் செவிவழிப் பகுதியில் எழுதுங்கள்.

கோட்டை தகர்ந்ததைக் கண்ட சிறுவர் ஒருவர் பிற்காலத்தில் அதனை எழுத்தில் வடித்தார். அவரே முன்ஷி அப்துல்லா. உங்களைப் போன்ற பள்ளிப் பருவத்தில் இருந்தபோது கண்டதை, 1849-இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்று நூலில் மலாய் மொழியில் பதிவு செய்தார். அவருடைய முன்னோருள் அரேபியரும் தமிழரும் இருந்தனர். அவர் இளமையில் தமிழும் கற்றார். கணக்கு எழுதுவதற்கும் வணிகரோடு பேசுவதற்கும் தமிழ் பயன்பட்டதால், வசதியுள்ள மலாக்காக் குடும்பத்தார் தம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் வழக்கம் இருந்ததாக அவர் எழுதியுள்ளார். இருநூறு ஆண்டுகளுக்கு முன் இந்நகரில் தமிழ் பயனுள்ள மொழியாக மதிக்கப்பட்டது என்பதற்கு இது நேரடிச் சான்றாகும்.

அரண்மனையும் நினைவகமும்

வாயிலுக்கு அருகில், அடுக்கடுக்கான கூரைகளுடன் பெரிய மர அரண்மனை ஒன்று நிற்கிறது. சுல்தான்கள் வாழ்ந்த அரண்மனை இதுவே என்று எண்ணிவிடாதீர்கள். 1459 முதல் 1477 வரை ஆண்ட சுல்தான் மன்சூர் ஷாவின் அரண்மனையைப் பற்றிச் "செஜாரா மெலாயு" என்னும் மலாய் வரலாற்று நூல் தரும் வருணனையை அடிப்படையாகக் கொண்டு, 1980-களில் இது கட்டப்பட்டு, 1986-இல் திறக்கப்பட்டது. மூல அரண்மனையின் ஒரு தூண்கூட இன்று இல்லை. மரக்கட்டடங்கள் மழைக்கும் தீக்கும் கறையானுக்கும் நெடுங்காலம் தாங்கா. கல்லால் கட்டியவரின் சின்னம் எஞ்சியது. மரத்தால் கட்டியவரின் சின்னம் மறைந்தது. ஆனால் மரத்தால் கட்டியவர்கள் கலையில் குறைந்தவர்கள் என்பது அதற்குப் பொருள் அன்று. இம்மறுவாக்கத்தைக் கண்டால் அவ்வுண்மை விளங்கும். மறுவாக்கம் என்று அறிந்தே கண்டால், அதுவும் நல்லாசிரியனே.

எதிரே உள்ள விடுதலைப் பிரகடன நினைவகம் 1912-இல் கட்டப்பட்ட கட்டடம். ஆங்கிலேயர் காலத்தில் அது மலாக்கா மன்றமாக இருந்தது. அதன் அருகிலுள்ள திடலில்தான் 1956 பிப்ரவரி 20-இல் துங்கு அப்துல் ரகுமான், நாடு விடுதலை பெறவிருக்கும் நாளை மக்களுக்கு அறிவித்தார். அந்நியர் பொழுதுபோக்கிய மன்றமே விடுதலையின் நினைவகமாக மாறியது. முதல் நாளை இங்கு நிறைவு செய்வது பொருத்தமாகும்.

இரண்டாம் நாள்: ஆற்றுக்கு அப்பால்

மறுநாட்காலை ஆற்றைக் கடந்து எதிர்க்கரைக்குச் செல்வோம். 1511-ஆம் ஆண்டுப் போரில் இங்கிருந்த பாலத்தைக் கைப்பற்றவே கடும் போர் நடந்தது. நாம் நடக்கும் பாலம் பிற்காலத்தது. இடம் அதே இடம். முதல் நாள் கண்டவை பெரும்பாலும் ஆண்டவர்களின் சின்னங்கள். இன்று காணப்போவன மக்களின் சின்னங்கள்.

ஜாலான் துக்காங் எமாஸ் என்னும் பொற்கொல்லர் தெருவிலும் அதன் தொடர்ச்சியிலும் சில நிமிட நடைக்குள் மூன்று வழிபாட்டிடங்கள் உள்ளன. முதலாவது, ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம். டச்சு ஆட்சியினர் வழங்கிய நிலத்தில், மலாக்காச் செட்டிச் சமூகத்தின் தலைவர் தெய்வநாயகம் செட்டியின் முயற்சியால் 1781-இல் எழுப்பப்பட்டது. நம் நாட்டில் இன்றும் வழிபாடு நடக்கும் மிகப் பழைய இந்து ஆலயங்களுள் இது ஒன்று.

அடுத்தது கம்போங் கிளிங் பள்ளிவாசல். கிளிங் என்பது தென்னிந்தியரைக் குறிக்க அக்காலத்தில் வழங்கிய சொல். இந்திய முசுலிம் வணிகர்கள் 1748-இல் மரத்தால் கட்டிய இப்பள்ளிவாசல், 1872-இல் செங்கல்லால் மீண்டும் கட்டப்பட்டது. இதற்குக் குவிமாடம் இல்லை. மூன்றடுக்குக் கூம்புக் கூரையும், சீனப் பகோடாவை ஒத்த கோபுரமும், ஐரோப்பியப் பாணித் தூண்களும் ஒருங்கே அமைந்துள்ளன. பல நாட்டுக் கைவினைஞர் ஒரே நகரில் அருகருகே வாழ்ந்ததை இக்கட்டடமே எடுத்துரைக்கிறது.

மூன்றாவது, 17-ஆம் நூற்றாண்டில் தோன்றிய செங் ஹூன் தெங் என்னும் சீன ஆலயம். கூரை முகட்டில் பீங்கான் துண்டுகளைப் பதித்துச் செய்த உருவங்களைக் கண்டு மகிழுங்கள்.

இம்மூன்றும் காட்சிப் பொருள்கள் அல்ல. மக்கள் இன்றும் வழிபடும் இடங்கள். எனவே காலணிகளைக் கழற்றி, அமைதி காத்து, இசைவு பெற்றே உள்ளே செல்லுங்கள். தொழுவோரைப் படம் எடுக்காதீர்கள்.

காஜா பெராங்கில் நம் உறவினர்

அடுத்து, நகரின் காஜா பெராங் பகுதியில் உள்ள செட்டிக் கிராமத்துக்குச் செல்வோம். சுல்தான்கள் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்களே மலாக்காச் செட்டிகள். வட்டித்தொழில் செய்யப் பிற்காலத்தில் வந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வேறு, இவர்கள் வேறு.

அவ்வணிகர்கள் இங்கிருந்த மலாய், சாவகம் முதலிய இனப் பெண்களை மணந்தனர். போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் வணிகத்தைத் தம் கையில் கொண்டபின், தாயகத்தோடு இருந்த தொடர்பு தளர்ந்தது. வணிகம் குறைந்தது, பலர் நகரின் புறத்தே குடியேறி வேளாண்மை செய்தனர். தலைமுறைகள் செல்லச்செல்லத் தமிழ் அவர்களுடைய நாவிலிருந்து நீங்கியது. இன்று அவர்கள் வீட்டில் பேசுவது ஒருவகை மலாய். பெண்டிர் விழாக்காலத்தில் கெபாயா அணிவர். ஆயினும் திருநீறு அணிகின்றனர். போகியன்று முன்னோருக்குப் படையலிடுகின்றனர், பொங்கல் பொங்குகின்றனர். பிள்ளை, நாயக்கர், படையாட்சி முதலிய பெயர்கள் இன்றும் அவர்களிடையே வழங்குகின்றன. 1822-இல் தோன்றிய முத்துமாரியம்மன் ஆலயம் அவர்களுடைய சமூக வாழ்வின் நடுவிடமாகத் திகழ்கிறது. அவர்களுடைய பழம்பொருள்களைக் காட்டும் சிறு அருங்காட்சியகமும் அங்குண்டு.

மாணவர்களே, மொழியை இழந்தவர் என்று அவர்களை எண்ணிக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. பள்ளியும் நூலும் ஆசிரியரும் இன்றி, நானூறு ஆண்டுகளுக்கு மேலாக முன்னோரின் வழிபாட்டைக் காத்து வந்தவர்கள் அவர்கள். நமக்கோ பள்ளி உண்டு, நூல் உண்டு, ஆசிரியர் உண்டு. கேட்கவும் பேசவும் எழுதவும் ஆள் இருந்தால்தான் மொழி வாழும் என்பதை அக்கிராமத்தின் வரலாறு நமக்கு உணர்த்துகிறது. அங்குள்ள முதியோரிடம் மரியாதையோடு மலாயில் பேசுங்கள். அவர்கள் வாயிலிருந்து இடையிடையே ஒரு தமிழ்ச் சொல் வந்தால், அதனைக் குறிப்பேட்டில் "மூலம்" என்னும் பகுதியில் எழுதிக்கொள்ளுங்கள். சொல்லும் ஒரு தொல்பொருளே.

காக்கப்பட்ட குன்று

புக்கிட் சீனா என்னும் சீனக் குன்றில் பன்னீராயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் உள்ளன. அடிவாரத்தில் அரச கிணறு ஒன்று உண்டு. மன்சூர் ஷாவை மணந்த சீன இளவரசி ஹாங் லீ போவுக்காக அது தோண்டப்பட்டது என்பர். அவ்விளவரசியைப் பற்றிச் செஜாரா மெலாயு கூறுகிறது. ஆனால் சீனத்து மிங் அரச மரபின் பதிவேடுகளில் அச்செய்தி இல்லை. கிணற்றை மூலத்திலும் இளவரசியைச் செவிவழியிலும் எழுதுவதே நேர்மை.

1984-இல் இக்குன்றின் பகுதிகளை வெட்டிக் கட்டடங்கள் எழுப்பும் திட்டம் ஒன்று தோன்றியது. மக்கள் உறுதியாக எதிர்த்தனர். திட்டம் கைவிடப்பட்டது, குன்று நிலைத்தது. 1807-இல் கோட்டையைக் காக்க மக்களுக்கு உரிமை இருக்கவில்லை. 1984-இல் பேச உரிமையும் இருந்தது, பேசியவர்களும் இருந்தனர்.

மண்ணுக்குள் கிடைத்த அரண்

மாலையில் ஆற்றங்கரைக்குத் திரும்பி மிடல்பர்க் கொத்தளத்தைக் காண்போம். கொத்தளம் என்பது கோட்டை மதிலிலிருந்து வெளியே நீண்டு நிற்கும் பீரங்கி மேடை. 1807-க்குப் பின் இது மண்ணுக்குள் மறைந்து, மக்கள் நினைவிலிருந்தும் மறைந்தது. 2006-இல் இங்கு 110 மீட்டர் உயரச் சுழல் கோபுரம் ஒன்றை எழுப்ப நிலத்தைத் தோண்டியபோது, செம்புரைக்கல்லால் ஆன பழைய சுவரின் அடித்தளம் வெளிப்பட்டது. உடனே வேலை நிறுத்தப்பட்டது. கோபுரம் வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. தொல்பொருள் ஆய்வுக்குப் பின்னர், பழைய அடித்தளத்தின்மேல் கொத்தளத்தை மீண்டும் கட்டினர். ஆகவே கீழே மூலம், மேலே மறுவாக்கம்.

தோண்டியவர்கள் அக்கற்களைச் சாதாரணக் கற்கள் என்று எண்ணி வாரி எறிந்திருந்தால் என்னவாகியிருக்கும்? இவை பழையவை என்று அடையாளம் காண அறிந்தவர் இருந்ததாலேயே அவை தப்பின. அடுத்த ஈராண்டில், 2008 சூலை 7-இல், மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமை நகரங்களாக அறிவிக்கப்பட்டன.

நாம் பெறும் படிப்பினை

மூலம் எது, மறுவாக்கம் எது, செவிவழி எது என்று பிரித்தறிவதால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். மூலம் எது என்று அறியாதவர் அதனைக் காக்க மாட்டார். மறுவாக்கத்தையே மூலம் என்று நம்புபவர், "இடிந்தால் மீண்டும் கட்டிக்கொள்ளலாம்" என்று எண்ணிவிடுவார். கதையையே வரலாறாகக் கொள்பவர், உண்மையான சான்று கைக்குக் கிடைத்தாலும் அதனைப் பொருட்படுத்தார். பிரித்தறியும் கண்ணே ஒரு நகரின் காவல்.

இக்கண் மலாக்காவுக்கு மட்டும் உரியதன்று. உங்கள் ஊரில் உள்ள பழைய கோயில், தோட்டத்து வரிசை வீடு, பாட்டி வைத்திருக்கும் பித்தளைக் குடம், தாத்தாவின் கப்பல் பயணச் சீட்டு ஆகிய அனைத்தையும் அதே மூன்று கேள்விகளோடு அணுகுங்கள். முதியோர் கூறுவதைக் கேட்டு எழுதி வையுங்கள். கோட்டை தகர்ந்ததைக் கண்ட பல்லாயிரவருள் அதனை எழுதி வைத்த ஒரு சிறுவரையே இன்று நாம் நினைக்கிறோம். நீங்களும் எழுதுங்கள்.

பயிற்சி

1. மலாக்கா விரைவில் பெருந்துறைமுகமாக உயர்ந்ததற்குரிய இரண்டு காரணங்களை விளக்குக.

2. சந்தியாகு வாயிலில் 1670 என்னும் ஆண்டு ஏன் காணப்படுகிறது?

3. கிறித்து தேவாலயம், சுல்தான் அரண்மனை, மிடல்பர்க் கொத்தளம் ஆகியவற்றை மூலம், மறுவாக்கம் என்னும் பகுதிகளில் பிரித்து எழுதுக. இரண்டிலும் சேர்வது எது?

4. 1807, 1984, 2006 ஆகிய மூன்று ஆண்டு நிகழ்ச்சிகளை ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.

5. உங்கள் இல்லத்தில் உள்ள மிகப் பழைய பொருள் ஒன்றைப் பற்றி வீட்டிலுள்ள முதியவரிடம் கேட்டறிந்து, உறுதியாக அறிந்தவற்றையும் வாய்மொழியாகக் கேட்டவற்றையும் தனித்தனியே எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.